ஏழாம் எண் நிலத்துக்காரருக்கு

ஹோலியோக், மாசசூசெட்ஸ்
11 பிப்ரவரி 1974

கால்வே மாவட்டம், டெரிவீன் ஊரில் ஏழாம் எண் நிலத்தில் இப்போது குடியிருப்பவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் ஊர்த் தபால்காரர் கெட்டிக்காரராக இருந்தால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

என் பெயர் ரோஸ்மேரி ட்ரெனன். தொலைபேசி நிலையத்தில் வேலை. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பாவோடு இருக்கிறேன். அவர் பெயர் ஜாக். எண்பத்திரண்டு வயது. போன இலையுதிர் காலத்தில் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதிலிருந்து சன்னலோரத்து நாற்காலிதான். காலையில் செய்தித்தாள் படிப்பார். படித்து முடித்ததும் டெரிவீனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். இதில் வேடிக்கை, அவர் டெரிவீனைப் பார்த்ததே இல்லை.

அவருடைய தாத்தா பாட்ரிக் அந்த ஊரில் பிறந்தவர். குத்தகை பாக்கிக்காக ஜமீன் ஆட்களால் நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டு, 1882இல் மனைவி மக்களோடு கப்பலேறி இங்கே வந்து காகித ஆலையில் சேர்ந்தார். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் தாத்தா அவரைக் கால்வாய்க்கரைக்குக் கூட்டிப்போவாராம். கைத்தடியால் காட்டிக்காட்டிச் சொல்வாராம். "அந்த ரெண்டாவது ஆலை இருக்குதே, அதுதான் நம்ம மேட்டு வயல்னு வெச்சுக்கோ. பாலத்துக்கு அந்தப்பக்கம் கடல். தபாலாபீஸ் இருக்கிற இடத்துல கிணறு." அப்பாவுக்கு அந்த ஊர் அப்படித்தான் மனப்பாடம். இன்றைக்கும் நான் தபால் தலை வாங்கப் புறப்பட்டால், "கிணத்துப் பக்கமா போறே?" என்றுதான் கேட்பார்.

அவர் இருக்கும்போதே அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக முயல்கிறேன். எங்கள் பெயரே எங்களுக்கு எதிரி. தாத்தாவின் கல்லறையில் ட்ரெனன். ஆலையின் சம்பளப் பதிவில் ட்ரீனன். கப்பல் பட்டியலில் ட்ரினேன். ஒவ்வொருவரும் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். கடைசியில் பாஸ்டன் நூலகத்தில், 1855இல் அச்சடித்த அயர்லாந்து நிலவரிப் பட்டியலில் டெரிவீனைத் தேடிப்பிடித்தேன். ஏழாம் எண், வீடும் நிலமும், குத்தகைக்காரர் மைக்கேல் ட்ரினன். அவர் பாட்ரிக்கின் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

துரத்தப்பட்ட கதையை எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வார்கள். பாட்ரிக்கின் நோயாளித் தாயை நாற்காலியோடு தூக்கிவந்து தெருவில் வைத்தார்கள். அவள் அந்தத் தெருவிலேயே செத்தாள். உடனே தார்ன்டன் என்று ஒருவன் வந்து நிலத்தை வளைத்துக்கொண்டான். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்பா ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தவர், சுவரில் இருந்த சான்றிதழில் தார்ன்டன் என்று படித்ததும் எழுந்து வந்துவிட்டார். பாதி பிடுங்கிய பல்லோடு.

உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். அந்த வீடு இருக்கிறதா? கிணறு இருக்கிறதா? ட்ரினன் யாராவது மிச்சம் இருக்கிறார்களா? இரண்டு வரி எழுதினாலும் போதும்.

உண்மையுள்ள,
ரோஸ்மேரி ட்ரெனன்


டெரிவீன்
3 மார்ச் 1974

மிஸ் ட்ரெனன்,

கடிதம் வந்தது. எங்கள் தபால்காரர் கெட்டிக்காரர் இல்லை. ஊர் சின்னது, அவ்வளவுதான். உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அமெரிக்காக்காரன் நிலத்தைக் கேட்டு எழுதிட்டான் போல, பாத்துக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் நிலத்தைக் கேட்கவில்லை. அந்த மட்டும் நிம்மதி.

ட்ரினன் என்ற பெயரில் இங்கே ஒருவரும் இல்லை. என் நினைவு தெரிந்து இருந்ததும் இல்லை.

வீடு இருக்கிறது. கூரைக்கு முன்பு வைக்கோல், இப்போது ஓடு. சுவர் பழைய சுவர்தான். கிணறு இருக்கிறது, குழாய் வந்த பிறகும் தேநீருக்கு அந்தத் தண்ணீர்தான். மேட்டு வயலிலிருந்து பார்த்தால் கடல் தெரியும், ஆனால் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், பாலம் ஒன்றும் கிடையாது. ஓர் ஓடையும், அதைத் தாண்டப் போட்ட நான்கு கற்களும்தான். இரண்டாவது கல் ஆடும். தெரியாதவர்கள் எல்லோரும் அதில்தான் விழுவார்கள். அந்த வயலில் உருளை நன்றாக வரும். கடற்பாசி போட்டால் இன்னும் நன்றாக வரும். மே மாதம் சுவரோரத்து முள்மரங்கள் பூக்கும்போது வயலுக்கு யாரோ வெள்ளை விளிம்பு தைத்த மாதிரி இருக்கும்.

இவ்வளவு எழுத நினைக்கவில்லை.

ஏழாம் எண் நிலத்துக்காரன்


ஹோலியோக்
2 மே 1974

அன்புள்ள ஏழாம் எண் அவர்களுக்கு,

உங்கள் பெயரைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஆகவே இப்படித்தான் அழைக்க வேண்டியிருக்கிறது.

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். நான்கு கல் என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "ரெண்டாவது ஆடும்" என்று அவரே சொன்னார். நான் அந்த வரியை அதுவரை படித்திருக்கவில்லை. தாத்தா சொல்லியிருந்திருக்கிறார்; எழுபது வருடமாக அது அவருக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. அன்றைக்கு முழுவதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சாப்பிட மாட்டேன் என்கிற ஆள், இரண்டு தட்டு முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டார்.

அவருக்கு ஒரு கேள்வி. மேட்டு வயலின் கடல்பக்கத்துச் சுவர் இன்னமும் ஒவ்வொரு குளிர்காலமும் சரிகிறதா?

என் தேடலில் அடுத்த படி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். 1855க்குப் பிறகு நிலம் கைமாறும்போதெல்லாம் வரி அலுவலகத்தில் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை வேறு நிற மையில் எழுதுவார்களாம். அந்தப் புத்தகங்கள் டப்ளினில் இருக்கின்றன. பிரதி கேட்டு எழுதிவிட்டேன். உங்கள் பெயரும் அதில் இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் அரசாங்கம் சொல்லும்.

அன்புடன்,
ரோஸ்மேரி


டெரிவீன்
20 மே 1974

மிஸ் ட்ரெனன்,

சரிகிறது. போன ஜனவரியிலும் சரிந்தது.

டப்ளின் புத்தகங்களை விட்டுவிடுங்கள். பழைய குமாஸ்தாக்கள் பாதி நேரம் குடித்திருப்பார்கள். அவர்கள் எழுதியதை நம்பி ஒரு முதியவரின் மனத்தைக் கெடுக்க வேண்டாம்.

முள் பூத்திருக்கிறது. இந்த உறையில் ஒரு கொத்து வைத்திருக்கிறேன். வந்து சேரும்போது பழுப்பாகிவிடும்.


ஹோலியோக்
9 செப்டம்பர் 1974

திரு. கோல்மன் தார்ன்டன் அவர்களுக்கு,

பிரதி வந்துவிட்டது. பாட்ரிக் ட்ரினன் என்ற பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 1882, மார்ட்டின் தார்ன்டன். அதற்கடுத்து நீல மையில் பேதர் தார்ன்டன். கடைசியில், 1951, கோல்மன் தார்ன்டன்.

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் முதல் கடிதத்திலேயே அந்தப் பெயரைப் படித்தீர்கள். படித்துவிட்டு, யாரோ மூன்றாம் மனிதர் மாதிரி, கிணற்றைப் பற்றியும் கல்லைப் பற்றியும் எழுதினீர்கள். அவை எங்கள் கற்கள். என் அப்பா உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். யாருடைய கடிதம் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வது?

முட்பூவைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

ரோஸ்மேரி ட்ரெனன்


டெரிவீன்
6 அக்டோபர் 1974

மிஸ் ட்ரெனன்,

நான் என்ன எழுதியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? 'அம்மா, நீங்கள் தேடும் திருடன் பேரன் நான்தான், நலம், நலமறிய ஆவல்' என்றா?

உங்கள் வீட்டில் தார்ன்டன் என்ற சொல்லைச் சொல்ல மாட்டீர்கள். என் வீட்டில் எங்களுக்கு வேறு வழி இல்லை, அது எங்கள் பெயர். உங்கள் அப்பா கோபத்தில் பல் மருத்துவரைவிட்டு எழுந்து வர முடிந்தது. நான் எங்கே எழுந்து போவது?

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எனக்கு ஐந்து வயது. என் பெஞ்சில் இருந்தவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். "ஏன்டா?" என்றேன். "நீ பிடுங்கி வீட்டுப் பையன்" என்றான். என்ன பிடுங்கினோம் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் தாத்தா மார்ட்டின் இறந்தபோது குழி வெட்ட ஊரில் ஒருவரும் வரவில்லை. பெற்ற பிள்ளைகளே வெட்டினார்கள். இன்றைக்கு அந்த மாதிரிக் கொடுமை இல்லை. வழியில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் எங்கள் வாசற்படியைத் தாண்டி ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. தேவாலயத்தில் நான் உட்காரும் பெஞ்சில் நான் மட்டும். ஐம்பத்து நான்கு வயதாகிறது எனக்கு. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் அண்ணன்மார் அந்தப் பேச்சை முடித்துவைத்தார்கள்.

பெயர் பெயர் என்று அலைகிறீர்களே, ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மொழியில் கரிய முள்மரத்துக்கு ட்ரைன் என்று பெயர். அதிலிருந்து வந்த குடும்பப் பெயர் ஓ ட்ரைனான். ஆங்கிலத்தில் எழுத வந்த ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான், ட்ரினன் ஆயிற்று. இன்னொருவன் அர்த்தம் கேட்டு எழுதினான். முள்ளுக்கு ஆங்கிலத்தில் தார்ன், ஆகவே தார்ன்டன் ஆயிற்று. இரண்டும் ஒரே பெயர். இதைச் சொல்ல டப்ளின் வேண்டாம், இங்கே ஆடு மேய்க்கிற எவனும் சொல்வான்.

உங்கள் பாட்ரிக்கும் என் மார்ட்டினும் கூடப்பிறந்தவர்கள். அண்ணன், தம்பி. மார்ட்டின் சிறுவயதிலேயே கிளிஃப்டன் நகரத்துக்கு விடுதிக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர். அங்கே முதலாளி வாயில் தார்ன்டன் என்றால் வரும், ஓ ட்ரைனான் வராது. ஜமீன் காரியஸ்தருக்கு ஐரிஷில் ஒரு வார்த்தை தெரியாது. துரத்தப்பட்டவனின் தம்பிக்கே நிலம் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருக்காது.

ஆக, உங்கள் கதையைவிட இது மோசம். எவனோ ஒருவன் வளைத்துக்கொள்ளவில்லை. சொந்தத் தம்பி வளைத்துக்கொண்டான். ஏன் செய்தார் என்று என் அப்பாவைக் கேட்டால் மாட்டைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விடுவார். மாடு தொழுவத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து எரித்துவிடுங்கள்.

கோல்மன் தார்ன்டன்


ஹோலியோக்
19 ஜனவரி 1975

கோல்மன் அவர்களுக்கு,

மூன்று மாதம் ஆகிவிட்டது. முதலில் கோபம். பிறகு வெட்கம். பள்ளிக்கூடத்து பெஞ்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து, என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்றிருந்தது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "ஏழாம் எண்காரர் எழுதினாரா?" என்று தினமும் கேட்கிறார். கடலில் புயல், கப்பல் தாமதம் என்று ஏதோ சொல்லிவைக்கிறேன். கடிதம் விமானத்தில் வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

இன்று எழுதுவதற்குக் காரணம் வேறு. சண்டைக்கு முன்பே டப்ளினுக்கு இன்னொரு பிரதி கேட்டு எழுதியிருந்தேன். 1901ஆம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கு. வீட்டுக்கு வீடு காவலர் வந்து எழுதிக்கொண்டு போனது. டெரிவீனில் உங்கள் வீட்டுத் தாள் போன வாரம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

மார்ட்டின் தார்ன்டன், குடும்பத் தலைவர். சபைனா, மனைவி. பேதர், மகன், ஆறு வயது. பிறகு ஒரு கைக்குழந்தை. கடைசி வரியில்: ஹானர் ட்ரினன், குடும்பத் தலைவரின் தாய், விதவை, எண்பத்து மூன்று வயது, எழுதப் படிக்கத் தெரியாது, ஐரிஷ் மட்டும் பேசுவார்.

கோல்மன், அவள் தெருவில் சாகவில்லை. பாட்ரிக் கப்பலேறிப் பத்தொன்பது வருடம் கழித்தும் அதே வீட்டில் உயிரோடு இருந்திருக்கிறாள். இந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க்கரையில், "எங்கம்மா ரோட்டுல செத்தா" என்று தாத்தா என் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்து மறைத்தீர்கள் என்றாலும் இப்போது கோபப்பட மாட்டேன். எனக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

ரோஸ்மேரி


டெரிவீன்
23 பிப்ரவரி 1975

அன்புள்ள ரோஸ்மேரி,

தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அப்பா ஒரு கிழவியைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுப்பு மூலையில் புகைக்குழாய் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். "என்னை எப்பவும் பாட்னுதான் கூப்பிடும். என் பேரு பேதர்னு சொன்னா தடியால ஒண்ணு போடும். அப்புறம் பாட்னு கூப்பிட்டாலே ஓடிவந்துருவேன்" என்று சிரிப்பார். அவருடைய அம்மாவைப் பெற்றவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், அவள் செத்தபோது அவருக்கு எட்டு வயது. பாட் யார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மார்க் ஜாய்ஸ் வீட்டுக்குப் போனேன். அடுத்த நிலத்துக்காரர். தொண்ணூறை நெருங்குகிறார். குத்தகைக்காரர் சங்கம் நிலப்பிரபுக்களோடு போராடிய காலத்தில் அவருடைய அப்பாதான் இந்த ஊரில் சங்கத் தலைவர். எங்களை ஒதுக்கிவைத்தது அவர் வார்த்தைதான். அந்த வீட்டு வாசலில் நான் நின்றது அதுவே முதல்முறை. மருமகள் பார்பரா கதவைத் திறந்துவிட்டு, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பேச்சு அப்படியே எழுதுகிறேன்.

"ஹானர் ட்ரினன்னு ஒருத்தி எங்க வீட்டுல இருந்தாளா?" என்றேன்.

"இருந்தா. அது ஊருக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியாதே."

"உனக்கு யாரு சொல்லுவா? உன்கூடத்தான் யாரும் பேசறதில்லையே." கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னார். "உக்காரு. நிக்காத, கழுத்து வலிக்குது."

உட்கார்ந்தேன்.

"எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னது இது. பாட்ரிக்கைத் துரத்தினப்ப கிழவி கால் முறிஞ்சு கட்டில்ல கிடந்தா. சனிக்கிழமை வரைக்கும் கிழவி உள்ள இருக்கலாம், அப்புறம் கூரையைப் பிரிச்சுருவோம்னு காரியஸ்தன் சொல்லிட்டான். பாட் கால்வே துறைமுகத்துக்குப் போயிட்டான், கப்பல் பாக்க. அம்மாவையும் தூக்கிட்டுப் போறதுதான் அவன் எண்ணம். கிழவி வரமாட்டேன்னுட்டா. அப்பத்தான் மார்ட்டின் கிளிஃப்டன்லேருந்து நடந்தே வந்தான். நேரா இங்க வந்தான். நீ வந்து நின்னியே, அதே இடம். 'எங்கம்மாவை வெச்சுக்க ஒரு வீடு சொல்லுங்க. நான் நிலத்தைத் தொடமாட்டேன்'னான்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. துரத்தினவங்களை எவன் சேத்துக்கிறானோ அவன் நிலமும் போயிரும், அது அப்ப ஜமீன் உத்தரவு. எங்கப்பாவுக்கு ஏழு பிள்ளைங்க. ஊர்ல ஒவ்வொரு வாசலா கேட்டான் மார்ட்டின். எவனும் வாயத் திறக்கல. அப்புறம்தான் காரியஸ்தன்கிட்ட போனான்."

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுதானே ஒதுக்கி வெச்சீங்க?"

"துரத்தின நிலத்தை எவனும் எடுக்கக் கூடாதுன்னு சங்கத்துல சத்தியம் பண்ணியாச்சு. அம்மாவுக்காகன்னு ஒருத்தனை விட்டா, நாளைக்கு அத்தைக்காகன்னு இன்னொருத்தன் வருவான். அன்னைக்கு அது சரி." தடியால் அடுப்புக் கரியைக் கிளறிவிட்டார். "அன்னைக்குச் சரி. அப்புறம் எப்ப நிறுத்தறதுன்னு யாருக்கும் தெரியல."

பாட்ரிக் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தபோது தம்பி உள்ளே இருந்தாராம். பாட்ரிக் உள்ளே நுழையவில்லை. தெருவிலேயே நின்று, ஊர் கேட்க, "எனக்கு அம்மா இந்தத் தெருவுலயே செத்துட்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அந்த ஒரு வார்த்தைதான், ரோஸ்மேரி, உங்கள் வீட்டில் நாற்காலியாகவும் நோயாகவும் வளர்ந்திருக்கிறது. ஆனால் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அவருக்கு அவள் அன்றைக்குச் செத்துவிட்டாள். அவளுக்கு மட்டும் அவர் சாகவில்லை. என் அப்பாவை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இன்னொன்று. முறைப்படி பார்த்தால் உன் அப்பா எனக்கு அண்ணன், நீ எனக்கு மகள் முறை. என்னைவிட இரண்டு வயது சின்னவளுக்கு நான் சித்தப்பா. ஆகவே இனிமேல் நீங்கள் போங்கள் எல்லாம் கிடையாது.

அந்தச் சித்தப்பா உரிமையில் ஒன்று கேட்கலாமா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. கேட்டுவிடுகிறேன். அண்ணனால் பயணம் செய்ய முடியுமானால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெரிவீன் தேவாலயத்தில் என் பெஞ்சில் வந்து உட்கார முடியுமா? நான் நூறு தடவை என் தாத்தா கதையைச் சொன்னாலும் ஊர் கேட்டுக்கொள்ளும், தலையாட்டும். துரத்தப்பட்டவன் வீட்டு ஆள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் விஷயம் முடியும். வேறு யாராலும் அதை முடிக்க முடியாது.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன்.

கோல்மன்


ஹோலியோக்
28 ஏப்ரல் 1975

அன்புள்ள சித்தப்பா,

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இருந்தாலும் அப்படியே எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன், என் கோபக் கடிதத்தையும் நினைவிலிருந்து சொன்னேன். பாதியில் அவர் வானொலியைப் போட்டார். நான் அணைத்தேன். மறுபடி போட்டார். மறுபடி அணைத்துவிட்டுப் படித்தேன்.

முடித்ததும் கேட்டார்: "அவ எப்ப செத்தா?"

"1903ல போல."

"எனக்குப் பதினொரு வயசு அப்ப. தாத்தா உயிரோட இருந்தாரு. கையில காசு இருந்துச்சு. ஒரு கடிதாசி போட்டிருக்கலாம்." பிறகு, "தாத்தா பொய் சொல்ல மாட்டாரு" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தபாலாபீஸ் பக்கம்தான்.

உங்கள் வேண்டுகோளைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு தார்ன்டன் பக்கத்துல நான் உக்காரமாட்டேன்."

"நீங்களே தார்ன்டன்தான்ப்பா. முள்ளை ஒருத்தன் ஒரு மாதிரி எழுதினான், இன்னொருத்தன் வேற மாதிரி எழுதினான்."

"என் வீட்டுல அந்தப் பேச்சு வேணாம்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்புப் புட்டியைப் பார்ப்பார். நான் எடுத்து நீட்டுவேன். வராது, விட்டுவிடலாம், உங்களுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குப் புறப்படக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அங்க தேவாலயத்துல படி எத்தனை இருக்குன்னு கேட்டு எழுது. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு ரொம்ப ஏற முடியாது."

ஆகவே கேட்கிறேன், சித்தப்பா. படி எத்தனை?

விமானச் சீட்டு ஜூன் பத்தொன்பதுக்கு. மருத்துவர் வேண்டாம் என்கிறார். அப்பா மருத்துவரை மாற்றப்போவதாக மிரட்டிவிட்டு வந்திருக்கிறார்.

ரோஸ்மேரி


டெரிவீன்
27 ஜூலை 1975

அன்புள்ள ரோஸ்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. அண்ணன் இடுப்பு தேவலை என்று எழுதியிருக்கிறாய். நம்ப முடியவில்லை. ஆனால் அவர் இங்கேயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு ஓடையைத் தாண்டினார்.

நீ இங்கே இருந்தபோது சொல்ல வாய் வராத ஒன்றை எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாரே, எனக்கும் அவருக்கும் நடுவில் தொப்பியை வைத்தார். நீ பெண்கள் பக்கத்தில் இருந்ததால் கவனித்திருக்க மாட்டாய். இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம்விட்டு, நடுவில் தொப்பி. பரவாயில்லை, ஒரே பெஞ்ச்தானே, இதற்காகவே கடல் தாண்டி வந்திருக்கிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். கோயில் முழுவதும் எங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாதிரியார் பிரசங்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று அவருக்கே மறந்துபோயிற்று.

அப்போதுதான் மார்க் ஜாய்ஸ், இரண்டு தடியை ஊன்றிக்கொண்டு, எப்போதும்போல் தாமதமாக வந்தார். அவர்கள் பெஞ்சில் இடம் இருந்தது, நான் பார்த்தேன். மனிதர் அங்கே நிற்கவில்லை. நேரே எங்கள் பெஞ்சுக்கு வந்து, அண்ணனைப் பார்த்து, "கொஞ்சம் நகருங்க" என்றார். அண்ணன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அவர் தோள் என் தோளில் இடித்தது. பூசை முடியும்வரை அப்படியே இருந்தது. மனம்வந்து நகர்ந்தாரா, வழியில்லாமல் நகர்ந்தாரா, எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்காதே. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெளியே வந்ததும் அவர் சொன்ன ஒரே வார்த்தை, "இங்க படி நீ எழுதினதைவிட ஜாஸ்தி" என்பதுதான்.

நீங்கள் போன பிறகு ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அதே மழை, அதே வணக்கம். அவ்வளவுதான் என்று நானும் விட்டுவிட்டேன். நேற்று முன்தினம் மேட்டு வயலில் புல்லை வெட்டிப் போட்டிருந்தேன். நேற்றுக் காலை கடல்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒற்றை ஆளாகக் குவிக்க முடிகிற புல் இல்லை. பாதியாவது காப்பாற்றுவோம் என்று முள்வாரியை எடுத்துக்கொண்டு போனேன்.

சுவரைத் தாண்டி ஜாய்ஸ் வீட்டுப் பிள்ளைகள் இருவர் வந்தார்கள். அவரவர் முள்வாரி அவரவர் தோளில். பிறகு ஓ'மாலி. பிறகு மேலண்டை வீட்டுக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சைவிட்டு நகர்ந்தானே, அவனும் வந்தான்; அவனுக்கு இப்போது தலை வழுக்கை. ஒருவரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாமா?" என்றான் ஒருவன். "ஆரம்பிக்கலாம்" என்றேன். மழை விழும்போது கடைசிக் குவியலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் எல்லோரும் நனைந்துபோய் என் வாசலில் நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்பதே எனக்கு உறைக்கவில்லை, பழக்கம் இல்லை பார். ஓ'மாலிதான், "இந்த வீட்டுல எல்லாரையும் கடவுள் காக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு முதலில் படி ஏறினான். ஒவ்வொருவராக அதையே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எல்லாரையும் என்றால் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அலமாரியைத் திறந்தேன். மூன்று கோப்பைகள். அதில் ஒன்றுக்குக் காது இல்லை. இந்த வீட்டில் அதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. கதவைத் திறந்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் பேச்சு நின்றுவிட்டது, அவர்களும் பார்த்துவிட்டார்கள். பார்பராவின் மூத்தவன் மழையில் இறங்கி வீட்டுக்குப் போனான். பார்பராவே ஒரு கூடை நிறையக் கோப்பைகளோடு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு முழு ரொட்டி.

எல்லோரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கூடையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். பார்பரா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"இப்ப எதுக்குக் கொண்டாந்தீங்க? அங்கேயே இருக்கட்டும். கீழ் வயல் இன்னும் பாக்கி இருக்குல்ல, நாளைக்கும் வேணுமே" என்றாள்.

கோல்மன்